எல்லாம் வடக்கே

நீல மூடி டப்பாவிலிருந்து கொட்டிய தெள்ளுகளும் வடக்கேதான் போயின. இருபதில் பதினேழு வடக்கே, ஒன்று செத்தது, இரண்டு எங்கே போவதென்று தெரியாமல் தாம்பாளத்தின் நடுவில் கிடந்து துடித்தன. ரெமி குனிந்து எண்ணிவிட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று, முகத்தைச் சுளிக்க ஒரு காரணம் கிடைத்தது. எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது. "தெக்க எத்தன?" என்றாள். "இல்ல." "ஒண்ணுகூடவா?" "ஒண்ணுகூட இல்ல." அவள் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தாள். பிறகு கேட்டாள். "ரெமி, நீலத்த ஆண் கடல்லதான எடுத்த?" "ஆமா" என்றான். ஒரு நொடிகூட ஆகவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யென்றால் யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்ளலாம். இது தும்மல் மாதிரி வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டியிடம், அவள் ஆறு வருஷமாகப் படிக்கிற படிப்பின் மேல், ஒரு தும்மல்.

ஆண் கடலுக்கு அவன் போகவே இல்லை. சவுக்கமுனை என்பது கடலுக்குள் நாக்கை நீட்டினதுபோலக் கிடக்கிற மணல்திட்டு. வடக்கே அலை அதிகமில்லாத பெண் கடல், தெற்கே எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்கும் ஆண் கடல், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் மணலும் உடைமுள்ளும். வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. விடிந்ததும் போய் சிவப்பு மூடி டப்பாவை இந்தக் கரையிலும் நீல மூடி டப்பாவை அந்தக் கரையிலும் நிரப்பி வா, நூறு நூறு போதும், கலந்துவிடாதே என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு விடுதி அறையில் தாம்பாளத்தைச் சுற்றி வெள்ளை அட்டை ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். அவன் முந்தின நாள் முழுக்கத் தன் குட்டியானை வண்டியில் வெங்காயம் ஏற்றி மதுரைக்கும் திண்டுக்கல்லுக்குமாக அலைந்துவிட்டு, கண்ணை மூடாமல், வெங்காயத் தொலி பறக்கிற அதே வண்டியில் அவளையும் அவள் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வந்தவன். இந்தக் கரையில் கறுத்து அழுகிக் கிடந்த கடற்புல்லைக் காலால் புரட்டினான். அடியில் ஈர மணலே துள்ளியது. சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி. அரிசி அளவில், மணலின் நிறத்தில், பக்கவாட்டில் சப்பையாக, ஆயிரக்கணக்கில் மணல் தெள்ளு. தெள்ளு என்றுதான் பேர், யாரையும் கடிக்காது, இறாலுக்குச் சொந்தக்காரன். பத்து நிமிஷத்தில் சிவப்பு நிரம்பிவிட்டது. நீலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்தான். அந்தப் பக்கம் நாய் இருக்குமென்று ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாய் ஒன்றும் இல்லை. முள் இருந்தது, செருப்பும் இருந்தது. கால் வரவில்லை, அவ்வளவுதான். வண்டியில் போயிருக்கலாமே என்றால், வண்டி வரைக்கும் நடக்கக்கூட வரவில்லை. அப்படியே மணலில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினான், எழுந்தான், பூச்சி பூச்சிதானே என்று நீலத்தையும் அதே குவியலில் நிரப்பினான். அதில் தப்பு என்று அப்போது தோன்றவே இல்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. களவு என்று தெரிந்து செய்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"அடுத்த இருவது" என்றாள் ஜெசி. அவன் நீல மூடியைத் திறந்து ஈரத்துணியை விலக்கி, தேக்கரண்டியால் அள்ளி, தாம்பாளத்தின் நடுவில் விட்டு, ஒரு குடுவையைக் கவிழ்த்து மூடினான். தாம்பாளம் கல்யாண வீட்டுப் பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுத்தது, ஓரத்தில் கடைக்காரன் தன் பேரைக்கூடப் பொறித்திருந்தான். அதில் காய்ந்த மணலைப் பரப்பி, சுற்றிலும் அட்டையால் சுவர் எழுப்பி, பதினாறு பங்காகக் கோடு போட்டிருந்தாள். உள்ளே இருக்கிற தெள்ளுக்குக் கடல் தெரியாது, மரம் தெரியாது, மனிதன் தெரியாது. வானமும் சூரியனும் மட்டும்தான். ரெமியின் நிழல்கூட விழக் கூடாது, அதனால் அவன் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார வேண்டியிருந்தது, அதனால்தான் முதுகு. குடுவையைத் தூக்கினான். ஒரு கணம் சும்மா இருந்தன. காய்ந்த மணல் அவற்றுக்கு ஆகாது. அடியில் செவுள் வைத்திருக்கிற ஜாதி, ஈரம் போனால் மூச்சுப் போய்விடும், இந்த வெயிலில் பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். ஆகவே ஓட வேண்டும், கடல் இருக்கிற பக்கம் ஓட வேண்டும், எது கடல் பக்கம் என்று சூரியனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காலையில் சூரியன் ஒரு பக்கம், சாயங்காலம் இன்னொரு பக்கம், அந்த மாற்றத்தையும் கழித்துக்கொள்ள உள்ளுக்குள் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறதாம். அரிசி அளவு உடம்பில் கடிகாரம். தத்தின. ஒன்று, நான்கு, ஒன்பது. வடக்கு, வடக்கு, வடக்குக்குக் கொஞ்சம் கிழக்கே, வடக்கு. அட்டையில் முட்டி விழுந்தன, விழுந்து மறுபடியும் அங்கேயே முட்டின. "பத்தொம்பது" என்றான் ரெமி. "எல்லாம் வடக்க."

இதையெல்லாம் அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். வண்டியில், சாப்பிடும்போது, விளக்கை அணைத்த பிறகு. வடக்குக் கரைத் தெள்ளு வடக்கே ஓடும், தெற்குக் கரைத் தெள்ளு தெற்கே ஓடும், ஊர் மாற்றிக் கொண்டுபோய் விட்டாலும் தன் ஊர்க் கடல் இருந்த பக்கம்தான் ஓடும், கடலையே பார்க்காமல் டப்பாவில் பிறந்த குஞ்சுகூடத் தாயின் கடல் பக்கம்தான் தத்தும். அவன் "ம்" என்பான். ஆறு வருஷ "ம்". அவள் அதைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டாள், அவன் அதைக் கேட்டதற்கு அடையாளமாகச் சொன்னான், இரண்டுமே இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. திசை, கரை, பூச்சி என்று தனித்தனியாக எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றாகச் சேர்ந்து புத்தியில் விழவில்லை. நீலம் வடக்கே தத்தினபோதுதான் விழுந்தது, முழுசாக, நெஞ்சில் கல் விழுந்த மாதிரி. அடப்பாவி, இவை நான் எங்கே பிடித்தேன் என்று சொல்கின்றன. மூடியில் என்ன நிறம் இருந்தால் அவற்றுக்கு என்ன. இப்போது இந்த உலகத்தில் ஜெசியின் படிப்பு சரிதான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான், அதைக் கெடுத்தவனும் அவன்தான். பன்னிரண்டாம் வகுப்பில் ஊசல் ஆட்டி நேரம் அளக்கிற செய்முறை ஒன்று உண்டு. ஊசலைத் தொடாமலே விடையைப் பார்த்து அளவை எழுதினான். எல்லாரும்தான் எழுதினார்கள், அவன் மட்டும் மாட்டினான். ஊசலைக் கட்டாமல் தொங்கவிடாமல் எப்படிலே ஆடிச்சு என்று வாத்தியார் நோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. அதே வகுப்பில் ஜெசி ஊசலை மூன்று தடவை ஆட்டி மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது என்று அழுதுகொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் இப்படிப்பட்டவனை ஏன் கட்டினாள் என்று அவள் அப்பா கல்யாணப் பந்தியிலேயே கேட்டார். சோறு போட்டுக்கொண்டிருந்த ஆள்கூட நின்று காதுகொடுத்தான். "வண்டி ஓட்டுதவன் இவள எங்க கொண்டுபோய் எறக்கப்போறானோ" என்றார். ரெமிக்கு அது அப்போது உறைக்கவில்லை, நல்ல பசி.

"என்ன தம்பி, தெள்ளுக்கு ஓட்டு வைக்கிறீகளா?" பின்னால் குரல். சீனி நைனா, இந்தக் கரையில் நண்டு வலை போடுகிறவர், தோளில் ஈர வலை, வாயில் வெற்றிலை. நேற்று ராத்திரி விடுதிக்கு வழி காட்டியவரும் அவர்தான். ஜெசி சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். "ஆமாண்ணே. எல்லாம் வடக்குக் கட்சிக்கே போடுது." "தெக்க நின்ன ஆளுக்கு வைப்புத்தொகையும் போச்சா?" "போச்சு." அவர் எட்டிப் பார்த்தார், அவருடைய நிழல் விழுந்தது, ஜெசி கையைக் காட்டியதும் நகர்ந்துகொண்டார். "எங்க வாப்பா இத வச்சுத்தான் தூண்டில் போடுவாக. உள்ளான் குருவியும் நண்டும் தின்னது போகத்தான் நமக்கு. தம்பி, தூக்கம் தெளிஞ்சதா?" ரெமி தாம்பாளத்து மணலைக் கரண்டியால் நிரவினான். "இல்ல தங்கச்சி, வெள்ளென வலை எடுக்க வந்தா, இந்தா இந்தப் புல்லுக் குமி பக்கத்துல தம்பி மல்லாந்து கெடக்காரு. கடல் ஒதுக்குன ஆளுன்னு நெனச்சு ஒரு நிமிசம் ஆடிப்போனேன். பெறகு கொறட்ட கேட்டுச்சு." ஜெசி சிரித்தாள். "இவங்க எங்க ஒக்காந்தாலும் தூங்கிருவாங்கண்ணே." மற்றவர்கள் முன்னால் என்றால் அவன் "இவங்க". தனியாக இருந்தால் ரெமி, வாடா, போடா. "வண்டி ஓட்டும்போது மட்டும் வேணாம்னு சொல்லியிருக்கேன்." அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரெமி அவர் வாயையே பார்த்தான். வெற்றிலைச் சிவப்பு, முன்பல் ஒன்று இல்லை. இரண்டு டப்பாவையும் பார்த்திருப்பாரா. சொல்லிவிடட்டும் என்று ஒரு மனசு. யாராவது சொல்லிவிட்டால் அவன் சொல்ல வேண்டாம். அவர் பக்கத்தில் துப்பிவிட்டு, "வரேன் தங்கச்சி, ஜெயிச்சவனுக்கு மாலை போடையில சொல்லுங்க" என்று போய்விட்டார். போகிறவரைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது.

மூன்றாவது இருபது. நான்காவது இருபது. ஜெசி எழுதுவதை நிறுத்திவிட்டு வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தெற்கே. அவள் அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான், அழுதால் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தான், அழுகிறவளிடம் உண்மையைச் சொல்வது ஆறுதலுக்குப் பக்கத்தில் வரும். டிசம்பரோடு அவளுக்குக் கொடுத்த நீட்டிப்பு முடிகிறது. ஆய்வகத்தில் வளர்த்தவை இரண்டு தடவை கூண்டோடு செத்துப்போயின. ஞானசிகாமணி சார், அவளுடைய நெறியாளர், பதினொன்றரைக்கு இங்கே வருகிறார், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்வார். அவள் அழவில்லை. திரும்பினாள், முகம் வேறு மாதிரி இருந்தது, அந்த முகத்தை அவன் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். "ரெமி, இது தப்பில்ல. நான்தான் தப்பா யோசிச்சிட்டு இருந்திருக்கேன். இந்த எடம் எவ்வளவு ஒல்லி, பாரேன். புயல்ல ரெண்டு கரைப் புல்லும் அடிச்சுட்டுப் போய்ச் சேந்திருக்கும். புல்லோட தெள்ளும் போயிருக்கும். வடக்குக் கூட்டம் தெக்க போய்க் குடியேறி, இன்னும் வடக்கு ஞாபகத்துலயே இருக்கு. கடல் மாறிருச்சு, பாதை மாறல. இத யாரும் பாக்கல ரெமி. யாரும் எழுதல." வேகமாகப் பேசினாள், கையால் காற்றில் படம் போட்டாள், மூக்கில் மணல் ஒட்டியிருந்தது. நல்ல யோசனை. கேட்கக் கேட்க நம்பிக்கை வருகிற மாதிரி இருந்தது. அவனே ஒரு நிமிஷம் நம்பினான், புயல் அடித்தது, புல் மிதந்தது, தெள்ளுகள் குடும்பத்தோடு அக்கரைக்குப் போயின. பிறகு தன் கை அந்தக் குவியலுக்குள் இருந்ததும் நகத்துக்குள் புகுந்த கறுப்பு அழுக்கும் ஞாபகம் வந்தன. நகத்தைப் பார்த்தான். இன்னும் இருந்தது.

"ஜெசி" என்றான். "ம்?" அவள் எழுதிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு. மூன்று வார்த்தை. அங்க நான் போகல. மூன்றே மூன்று. திண்டுக்கல் மண்டியில் எடையில் தகராறு வந்தால் நாலு பேருக்கு நடுவில் கத்துகிற வாய் இது. "தண்ணி வேணுமா?" "வேண்டாம்" என்றாள் நிமிராமல். இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம். ஐந்தாவது இருபது முடியட்டும். முடிந்தது. எண்ணித் தனியே ஈரத்துணியில் வைத்திருந்தவற்றை எல்லாம் திரும்ப நீல டப்பாவில் அள்ளிப்போட்டு மூடியை இறுக்கினான். சார் வந்து போகட்டும் என்று அடுத்து வந்தது, சார் போன பிறகு எழுதி முடிக்கட்டும் என்று வரும், பிறகு பட்டம் வாங்கட்டும், பிறகு வேலை கிடைக்கட்டும், பிறகு பிள்ளை பிறக்கட்டும். இப்படியே கிழவனாகிச் சாகிற வரைக்கும் போகலாம் போலிருந்தது. யாருக்கு என்ன நஷ்டம். தெள்ளு வடக்கே போனால் என்ன, தெற்கே போனால் என்ன, கேஸ் விலையா ஏறப்போகிறது. ஆனால் இன்னொருத்தி எங்கேயோ இருந்து இதைப் படித்துவிட்டு வருவாள், டப்பாவும் கையுமாக, உண்மையிலேயே ஆண் கடலுக்கு நடந்து போவாள், செருப்பில் முள் ஏறும், நூறு தெள்ளைப் பிடித்துத் தாம்பாளத்தில் விடுவாள், நூறும் தெற்கே போகும். அன்றைக்கு ஜெசி என்ன பொய்யெல்லாம் எழுதினாள் என்று ஊரே பேசும். அவள் மூன்று தடவை ஊசல் ஆட்டியவள். அவளுக்கு எங்கே தப்பு நடந்தது என்றே தெரியாது, திரும்பத் திரும்ப நோட்டைப் புரட்டுவாள், அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு "ம்" சொல்வான். தலை வலித்தது. தூங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பத்து மணி நேரம் தூங்க வேண்டும், எழுந்த பிறகு நல்லவனாக இருக்கலாம்.

"சார் பாலம் தாண்டிட்டாராம்" என்று ஜெசி செல்லைப் பார்த்துவிட்டு எழுந்தாள், கால் மரத்துப்போய் ஒரு பக்கமாக நொண்டினாள். "இதுகள வெயில்ல வச்சிருக்காத, செத்துரும். கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு. செவப்ப இங்க விடு. நீலத்த ஆண் கடலுக்கு எடுத்துட்டுப் போ, எடுத்த எடத்துலயே, ஈரத்துல விடணும். வண்டியில போனா பத்து நிமிசம்." தெரிந்துதான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் பார்த்தான். இல்லை. பொட்டு நகர்ந்திருந்தது, கண்ணாடியில் மணல், வாய்க்குள் சாருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு நடந்தான். எடை ஒன்றுமில்லை. உள்ளே ஈரத்துணிக்கு அடியில் மெல்லிசாகச் சத்தம் கேட்டது, தாளில் தூறல் விழுகிற மாதிரி. காலையில் அவள் பூதக்கண்ணாடி வழியாக ஒரு பெண் தெள்ளைக் காட்டினாள். வயிற்றுக்கு அடியில் பை மாதிரி இருந்தது, பைக்குள் வெள்ளையாகக் குஞ்சுகள், பன்னிரண்டு எண்ணினான், அதையாவது ஒழுங்காக எண்ணினான். இவற்றில் எத்தனையோ அப்படித்தான் இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போய், ஆண் கடலோரத்தில் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று இப்போது அவனுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் ஈரத்தில் புதைந்துகொள்ளும். வெயில் ஏற ஏற மணல் காயும், வெளியே வரும், சூரியனைப் பார்க்கும், வடக்கே தத்தும். இரண்டடியில் இருக்கிற கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் காய்ந்த மணலைப் பார்த்து. அவை செய்வது சரி. அவற்றின் கணக்குப்படி ரொம்பச் சரி. தப்பான கரையில் கொண்டு இறக்கினவன்தான் தப்பு.

இன்னொரு வழியும் இருந்தது, அதுவும் தோன்றாமல் இல்லை. வண்டியில் ஏறி, தாழைப் புதருக்குப் பின்னால் போய், இந்தக் கரையிலேயே மறைவாக ஓரிடத்தில் விட்டுவிட்டு, பத்து நிமிஷம் கழித்துக் காலி டப்பாவோடு திரும்பலாம். தெள்ளும் பிழைக்கும், அவனும் பிழைப்பான். வண்டிச் சாவி பையில்தான் கிடந்தது, கை அதுவரை போனது. நீரோரம் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். சிவப்பு மூடியைத் திறந்து ஈர மணலில் சரித்தான். நொடியில் புதைந்துகொண்டன, மணல் புள்ளி புள்ளியாகக் குழிந்து மூடியது. நிமிர்ந்து பார்த்தான். ஜெசி தாம்பாளத்தருகே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நேரமாகிறது என்று மறு கையால் தெற்கே காட்டினாள். சாலையில் வெள்ளைக் கார் ஒன்று தூசியோடு வந்துகொண்டிருந்தது. அவன் எழவில்லை. நீல மூடியில் விரலை வைத்து நெம்பினான். இறுகியிருந்தது, அவன்தான் அப்படி இறுக்கினான். திறந்தது. "ரெமி, அது நீலம்" என்று அவள் சத்தம் போட்டாள். அவன் டப்பாவைச் சரித்தான். அவளைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, கடைசித் தெள்ளு விழுகிற வரைக்கும் பிடித்திருந்தான். அவள் இரண்டடி வந்தாள், நின்றாள். தெற்கே காட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இறங்கியது. கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எடுத்த இடத்திலேயே விடச் சொல்லியிருந்தாள். எடுத்த கரையில்தான் விட்டான்.